முதல் இருபது வீடுகள்

வங்கியில் சிறுதொழில் கடன் கேட்டு வருபவர்களிடம் ஒரு கேள்விக்குப் பதில் வாங்குவோம். ‘உங்கள் தொழிலுக்கு வாடிக்கையாளர்கள் எங்கிருந்து வருவார்கள்?’ அநேகமாக எல்லோரும் ஒரே பதிலைத்தான் எழுதிக் கொடுப்பார்கள்: ‘இப்பகுதியில் நல்ல வரவேற்பு உள்ளது.’ நானும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன். சர்வீஸில் அப்படி எத்தனை கையெழுத்து போட்டேனோ தெரியாது. அதில் சில கடன்கள் வராக்கடனாகி, விசாரிக்கப் போய் நிற்கும்போது மெஷின் புதுசாகவே இருக்கும். ஆள் மட்டும் ஊரில் இருக்கமாட்டார். அந்தக் கேள்வியை நான் ஒழுங்காகக் கேட்டிருந்தால் அவர்களில் பாதிப்பேர் கடன் வாங்காமலே தப்பித்திருப்பார்கள் என்று ரிட்டயர்டு ஆன பிறகுதான் உறைத்தது.

உறைக்க வைத்தது எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பையன். தொண்டாமுத்தூர் பக்கம் எனக்கு மூன்று ஏக்கர். அவர்களுக்கு இரண்டேகால். போர் தண்ணீர் குறைந்துகொண்டே வந்து, காய்கறி முக்கால் ஏக்கருக்குச் சுருங்கிவிட்டது. பையன் டிப்ளமோ படித்துவிட்டு ஒரு கம்பெனியில் இருந்தான், அதுவும் போய்விட்டது. நிலத் தரகர் ஒருவர் வாரம் தவறாமல் வண்டியில் வந்து அவன் அப்பாவிடம் பேசிவிட்டுப் போவார். அப்பா ‘பாக்கலாம்’ என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். இந்த ‘பாக்கலாம்’ எதில் போய் முடியும் என்று நமக்கெல்லாம் தெரியும்.

ஒருநாள் பையன் வந்தான். “மாமா, கோயமுத்தூர்ல லான், வீட்டுத் தோட்டம் பராமரிக்கிற வேலை எடுத்துச் செய்யலாம்னு இருக்கேனுங்க. மருந்தே அடிக்காம. நம்ம ஜீவாமிர்தம், மண்புழு உரம், வேப்பம்புண்ணாக்கு இது மட்டும் வெச்சு.”

“புல்லு வளக்கவா தம்பி தண்ணி?” என்றுதான் நான் முதலில் கேட்டேன். நம் இயக்கத்தில் இருப்பவர்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்பார்கள். அதற்குப் பிறகு வருகிறேன். இரண்டாவதாகக் கேட்டது அந்தப் பழைய கேள்வி. “ஆளு எங்கிருந்து வருவாங்க?”

“நல்லா போகும்னு சொல்றாங்க மாமா.”

அதே பதில். இந்த முறை கையெழுத்துப் போட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அதற்குள் அம்மாவின் இரண்டு வளையலை அடகு வைத்து, புல் வெட்டும் மெஷினும் ஒரு பிரஷ் கட்டரும் வாங்கி வீட்டில் நிறுத்திவிட்டான். கவரைக்கூடப் பிரிக்கவில்லை.

நோட்டீஸ் அடித்த கதை

முதலில் ஆயிரம் நோட்டீஸ் அடித்தோம். பச்சைக் கலரில், ஒரு பட்டாம்பூச்சிப் படத்தோடு. பேப்பர் போடும் தம்பிக்குக் காசு கொடுத்து நாளிதழுக்குள் வைக்கச் சொன்னோம். மூன்று போன் வந்தது. ஒருவர் தென்னைமரம் ஏற ஆள் கேட்டார். இன்னொருவர் செப்டிக் டேங்க் சுத்தம் செய்வீர்களா என்று கேட்டார். மூன்றாமவர் விலையைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அடுத்து, ‘முதல் முறை இலவசம்’ என்று பையன் ஒரு யோசனை சொன்னான். நானும் சரி என்றேன். தப்பு என்னுடையதுதான். ஐந்து வீட்டில் இலவசமாக வெட்டிக் கொடுத்தான். அடுத்த முறைக்குக் காசு என்றதும் ஐந்து பேருமே ‘சொல்லி அனுப்பறோம்’ என்றார்கள். இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை. இலவசத்துக்கு வருகிறவர் இலவசத்துக்காகத்தான் வருகிறார். வெட்டிக் கொடுப்பதை இலவசமாகச் செய்யாதீர்கள். பார்த்துச் சொல்வதை இலவசமாகச் செய்யலாம். அந்த வித்தியாசம் புரிய எங்களுக்கு ஒரு மாதம் ஆனது.

ஒரு மாத முடிவில் காசு கொடுக்கும் வீடு இரண்டு. நகைக்கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது. தரகர் வண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தது.

நாம் ஏற்கெனவே போகிற வீடு

விடை எங்கள் கண்ணெதிரிலேயே இருந்தது. நானும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து சனிக்கிழமைதோறும் வடவள்ளிப் பக்கம் வீடுகளுக்கு அரிசி, காய், கீரை கொண்டுபோய்க் கொடுக்கிறோம். நாலு வருஷமாகப் போகிறோம். கேட்டில் பையைக் கொடுத்துவிட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். கேட்டுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் நான் எட்டிப் பார்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை பையனையும் கூட்டிக்கொண்டு போனேன். “இன்னிக்கு நீ காயை மட்டும் குடு. கண்ணு உள்ளே இருக்கட்டும்” என்றேன். அன்று போன வீடுகளில் பதினோரு வீட்டில் புல்தரை இருந்தது. அதில் எட்டில் நடுவில் சொட்டை விழுந்திருந்தது, இல்லையென்றால் கோரை ஏறியிருந்தது. இவர்கள் எல்லோரும் விஷமில்லாத சாப்பாட்டுக்காகக் கூடுதல் காசு கொடுக்கிறவர்கள். நாம் யார் என்று அவர்களுக்குத் தெரியும். பேரப்பிள்ளைகள் அந்தப் புல்லில்தான் உருளுகிறார்கள். அதிலேயே கரையானுக்கு என்று ஒருவர் வந்து குளோர்பைரிபாஸ் ஊற்றிவிட்டுப் போகிறார், பச்சைக்கு என்று யூரியா தூவிவிட்டுப் போகிறார். இதை அவர்கள் யோசிக்கவே இல்லை. நாங்களும் சொன்னதில்லை.

முதல் ஏழு வீடு அந்த வரிசையிலிருந்துதான் வந்தது. இயற்கை விவசாயம் செய்கிற நம் தோழர்கள் யாராவது இந்த வேலையைத் தொடங்குவதாக இருந்தால், முதல் வாடிக்கையாளர் உங்கள் கத்தரிக்காயை ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்தான். அங்கிருந்து தொடங்குங்கள்.

பயமுறுத்தி விற்க வேண்டாம் என்று பையனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ‘இந்த மருந்தால் அந்த நோய் வரும்’ என்று வீட்டு வாசலில் நின்று பேசுவது நமக்கு அழகல்ல. அவன் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தான். ஒரு வீட்டில் அருகு முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. அரிவாளால் அறுத்து, கட்டுக் கட்டி வண்டியில் ஏற்றினான். வீட்டு அம்மா, “எங்கப்பா கொண்டு போறே?” என்று கேட்டார். “மாட்டுக்குங்கம்மா. உங்க வீட்ல மருந்து அடிக்கலீன்னு சொன்னீங்களே, அதான். பக்கத்து வீட்டுப் புல்லை நாங்க மாட்டுக்குப் போடமாட்டோமுங்க.” அவ்வளவுதான் சொன்னான். அந்த அம்மா அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டில் போய்ப் பேசியிருக்கிறார்.

ஸ்க்ரூடிரைவர் வைத்தியம்

பார்த்துச் சொல்வது இலவசம் என்றேன் அல்லவா. அதற்கு எங்களிடம் இருக்கும் கருவி ஒரு நீள ஸ்க்ரூடிரைவரும் ஒரு களைக்கொத்தும்தான். புல்தரையில் நாலு இடத்தில் ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பார்ப்பான். புது வீடுகளில் இரண்டு அங்குலத்துக்குக் கீழே ‘டக்’ என்று நிற்கும். அங்கே கிடப்பது சிமெண்ட் பூச்சு, உடைந்த செங்கல், ஜல்லி. கட்டிடம் முடிந்ததும் குப்பையை அங்கேயே பரப்பி, மேலே கொஞ்சம் செம்மண் கொட்டி, கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் கொரியன் புல் விரித்துவிட்டுப் போயிருப்பார்கள். வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஆறே மாதத்தில் காயும். வீட்டுக்காரர் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுவார். வேருக்கு இறங்க இடமே இல்லை என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

சொட்டை விழுந்த இடத்தில் புல்லைக் கையால் இழுத்துப் பார்ப்பான். பாய் சுருட்டுவது மாதிரி மேலே வந்தால் வேரைப் புழு தின்றிருக்கிறது. கொத்தினால் வெள்ளைப் புழு சுருண்டு கிடக்கும். அதை உள்ளங்கையில் எடுத்து வீட்டுக்காரரிடம் காட்டுவான். நோட்டீஸில் எத்தனை வரி எழுதினாலும் அந்த ஒரு புழு செய்கிற வேலையைச் செய்யாது.

கோரையைப் பற்றி மட்டும் பொய் சொல்லாதீர்கள். ‘ஒரே மாசத்துல எடுத்துடறேன்’ என்று சொல்லிக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கிழங்கோடு தோண்டி எடுத்தாலும் விட்டுப்போன கிழங்கு மறுபடி முளைக்கும். வயலில் நாம் படுகிற பாடு தெரியாதா? “வர்ற தடவையெல்லாம் எடுப்போமுங்க, வருஷம் ஒண்ணு ஆகும்” என்று சொல்வான். சிலர் முகம் சுளிப்பார்கள், அவர்களை விட்டுவிடலாம்.

மஞ்சள் விழுந்த வீடு

ஒரு வீட்டில் நாங்கள் அடிபட்டோம். அங்கே பழைய தோட்டக்காரர் மாதாமாதம் யூரியா தூவி வந்திருக்கிறார். நாங்கள் போய் அதை நிறுத்திவிட்டு, மண்புழு உரம் தூவி, ஜீவாமிர்தத்தைப் பத்துக்கு ஒன்று தண்ணீர் கலந்து ஊற்றினோம். ‘ஒரு மாசத்துல சூப்பரா ஆயிடுமுங்க’ என்று பையன் வாய்விட்டுவிட்டான். மூன்றாவது வாரம் புல் வெளுத்து மஞ்சளானது. நாலாவது வாரம் அந்த வீட்டு ஐயா தெருவில் நின்று சத்தம் போட்டார். அந்த வீடு போனது. அதே தெருவில் பேசி வைத்திருந்த மூன்று வீடும் போனது.

நாம் ரசாயனத்திலிருந்து மாறிய முதல் இரண்டு போகத்தில் வயல் எப்படி இருந்தது? பக்கத்து வயல்காரர்கள் சிரித்தார்களா இல்லையா? அதேதான் புல்லுக்கும். நமக்குத் தெரிந்த விஷயத்தை வாடிக்கையாளரிடம் முதல் நாளே சொல்லாததுதான் தவறு. இப்போது வேலையை ஒத்துக்கொள்ளும்போதே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறோம்: ‘முதல் இரண்டு மாதம் நிறம் குறையும். மூன்றாவது மாதம் வரை பொறுக்க வேண்டும். பொறுக்க முடியாவிட்டால் தயவுசெய்து வேண்டாம்.’ கடைசி வரியை எழுதப் பையன் பயந்தான். அந்த வரியைப் படித்துவிட்டு வேண்டாம் என்றவர்கள் இரண்டு பேர். மற்றவர்கள் அந்த வரிக்காகவே நம்பினார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொரு கூத்தும் நடந்தது. ஒரு வீட்டில் காலையில் ஜீவாமிர்தம் ஊற்றிவிட்டு வந்தோம். அன்று மத்தியானம் அவர்கள் வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள். சாணி, கோமிய வாசனையில் மாப்பிள்ளை வீட்டார் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். நமக்கு மணக்கிறது, அவர்களுக்கு நாறுகிறது. அதற்குப் பிறகு முதல் நாள் போன் பண்ணி, “நாளைக்கு வீட்ல விசேஷம் ஏதும் இல்லீங்களே?” என்று கேட்காமல் டிரம்மை வண்டியில் ஏற்றுவதில்லை. (சம்பந்தம் அமைந்துவிட்டது. அந்த வீடு இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது.)

ஒரே தெருவில் நாலு வீடு

இப்போது கணக்கு. வங்கிக்காரன் எழுதுகிற கட்டுரையில் கணக்கு இல்லாவிட்டால் எப்படி?

ஐந்நூறு சதுர அடி புல்லும் கொஞ்சம் தொட்டிச் செடியும் உள்ள வீட்டுக்கு ஒரு முறைக்கு 600 ரூபாய் வாங்குகிறோம். இரண்டு ஆள், ஒன்றரை மணி நேரம். நாலு வீடும் ஒரே தெருவில் இருந்தால் ஒரு நாளில் நாலையும் முடிக்கலாம். வரவு 2,400. உதவிக்கு வரும் ஆளுக்கு 700, பெட்ரோல் 150, உரம், கரைசல் 200 போனால் பையன் கையில் 1,350 நிற்கும். இதே வீடுகள் ஊரின் நாலு மூலையில் இருந்தால், போக வர, மெஷினை ஏற்ற இறக்க, ஒரு நாளில் இரண்டுதான் முடியும். வரவு 1,200. ஆள் கூலி அதே 700. பெட்ரோல் 250, உரம் 100. மிச்சம் 150. மெஷின் தேய்மானத்தையும் வட்டியையும் இரண்டிலும் நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் இரண்டாவது கணக்கு நஷ்டம்.

ஆகவே எத்தனை வீடு என்பதைவிட எந்தத் தெரு என்பதுதான் முக்கியம். தூரத்திலிருந்து கூப்பிட்ட இரண்டு பங்களாக்களை, மனசு வலித்தாலும், வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அந்த நேரத்தை இருக்கிற வீட்டுக்குப் பக்கத்து வீட்டைப் பிடிப்பதில் செலவழித்தோம்.

அதற்கும் ஒரு முறை இருக்கிறது. ‘யாராவது இருந்தா சொல்லுங்க சார்’ என்று பொதுவாகக் கேட்டால், ‘சொல்றேன்ப்பா’ என்பார்கள், அதோடு மறந்துவிடுவார்கள். பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். “எதிர் வீட்டு செம்பருத்தியில மாவுப்பூச்சி ஏறியிருக்குங்க. விட்டா உங்க செடிக்கும் வரும். நான் போய்ப் பாக்கட்டுமா, நீங்க ஒரு வார்த்தை சொல்றீங்களா?” இப்படிக் கேட்டால் அப்போதே வாசலுக்கு வந்து கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறார்கள்.

நேரமும் முக்கியம். காலை ஆறரைக்கு ரிட்டயர்டு ஆட்கள் எல்லோரும் வாக்கிங் போவார்கள், என்னைப் போன்றவர்கள். அந்த நேரத்தில் வாசல் பக்கத்தில் உட்கார்ந்து களை எடுக்க வேண்டும். மெஷினைத் தொடக்கூடாது. பனி ஈரத்தில் புல் பிளேடில் அப்பிக்கொள்ளும், சத்தத்துக்குத் தெருவே திட்டும். எட்டு மணிக்கு மேல் மெஷின். ஆறரையிலிருந்து எட்டு வரை குனிந்து வேலை செய்கிற ஒரு பையனைப் பார்த்துவிட்டு, நின்று விசாரிக்காமல் போகிற வாக்கிங்காரர் கிடையாது. ஆறு வீடு அப்படி வந்தது.

அடுக்குமாடிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு மாதத் தொகைக்குப் பேசியது. வருமானத்தில் கிட்டத்தட்ட பாதி அங்கிருந்தே வந்தது. பையனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் சின்ன வீடுகள் இரண்டை விட்டுவிட்டான். பிறகு சங்கத்தில் நிர்வாகிகள் மாறினார்கள். இரண்டு மாதப் பணம் நின்றது. கடைசியில் குறைந்த ரேட்டுக்கு வேறொருவர் வந்தார். ஒரே ஆளுக்கு வங்கியின் பணத்தையெல்லாம் கடனாகக் கொடுக்கக்கூடாது என்று எங்களுக்கு வரம்பே உண்டு. அதை வீட்டுப் பையனுக்குச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. இப்போது எந்த ஒரு இடமும் மொத்த வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று வைத்திருக்கிறோம்.

கடன் பற்றியும் ஒரு வார்த்தை. பிணை இல்லாமல் கொடுக்கிற முத்ரா திட்டம் 2015 முதல் இருக்கிறது. அதில் சிசு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை வாங்கலாம். இந்தத் தொழிலுக்கு அதற்கு மேல் தேவையில்லை. ஆனால் நான் மறுபடி மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தால், பத்து வீட்டு விலாசத்தை எழுதிக் காட்டினால்தான் கொடுப்பேன். அதுவரை பெரிய கத்தரி, அரிவாள், பக்கத்துத் தோட்டத்தில் கிடக்கும் பிரஷ் கட்டர் வாடகைக்கு, இவை போதும். வளையலை வைத்து முதலில் மெஷின் வாங்கியது தலைகீழ்.

தண்ணீர்க் கேள்வி

நான் முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஐந்நூறு சதுர அடி என்பது சுமார் 46 சதுர மீட்டர். கோடையில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்றாலும் 230 லிட்டர். குடம் வைத்துத் தண்ணீர் பிடிக்கிற ஊரில் இது எனக்கு உறுத்தாமல் இல்லை. பையனிடம் சொன்னேன். “மாமா, நாம போகலீன்னா அவங்க புல்லை எடுத்துடுவாங்களா? யூரியாக்காரர் வருவாருங்க” என்றான். அதுவும் உண்மைதான்.

ஆறு மாதம் பழகிய பிறகு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு யோசனை சொல்ல ஆரம்பித்தோம். வெயில் நன்றாகப் படுகிற பக்கத்தில் பாதிப் புல்லை எடுத்துவிட்டு, இரண்டு கீரைப் பாத்தி, ஒரு கறிவேப்பிலை, ஒரு முருங்கை, பந்தலில் அவரை. சமையலறைத் தண்ணீரைத் திருப்பி விட ஒரு வாழைக்குழி. தானாக வேலையைக் குறைத்துக்கொள்கிறானே என்று எனக்குப் பயம். நடந்தது வேறு. புல்லுக்கு மாதம் இரண்டு முறை போதும். கீரைக்கு வாரம் ஒரு முறை போக வேண்டும். நாற்று, உரம், விதை என்று அவன் தோட்டத்துச் சரக்கும் விலை போகிறது. மாதம் எட்டு மூட்டை மண்புழு உரம் இந்த வீடுகளுக்கே போய்விடுகிறது. புல் மட்டும் வைத்திருந்தவர்கள் அடிக்கடி ஆள் மாற்றினார்கள். முதல் கீரையைப் பறித்த வீட்டுக்காரர் ஒருவர்கூட மாறவில்லை. இதுவரை ஒன்பது வீடுகள் பாதிப் புல்லை எடுத்திருக்கின்றன. மூன்று வீட்டில், “புல்லு இருக்கட்டும்ப்பா, பேரன் விளையாடறான்” என்றார்கள். சரி, விளையாடட்டும்.

இப்போது இருபத்துமூன்று வீடு, ஐந்து தெருவில். இருபதைத் தொட ஒன்றே கால் வருஷம் ஆனது. வளையலில் ஒன்று திரும்பி வந்துவிட்டது. இன்னொன்று ஆடிக்குள் மீட்டுவிடுவேன் என்கிறான். தரகர் இன்னும் வருகிறார், ஆனால் டீ குடித்துவிட்டுப் போய்விடுகிறார்.

ஐப்பசி மழை பிடித்தால் புல் தாறுமாறாக வளரும், எல்லா வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். போன வருஷம் நாலு வீட்டை நாள் தவறவிட்டுத் திட்டு வாங்கினோம். அதனால் புரட்டாசியிலிருந்து கார்த்திகை வரை புது வீடு எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். நேற்றுகூட ஒருவர் கூப்பிட்டார். மார்கழியில் வருகிறோம் என்று சொல்லி, பெயரை நோட்டில் எழுதிக்கொண்டான். அவர் வீடு நாங்கள் போகிற தெருவிலேயே, ஆறாவது வீடு.